இல்லாத ஸ்டெல்லாவின் கணவர்

என் பிடிவாதக்காரப் பாலுவுக்கு,

போன வியாழக்கிழமை உன் நாடகத்தைத் தொலைக்காட்சியில் திரும்பவும் போட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து, குளித்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ‘எழுத்து: பாலகிருஷ்ணன்’ என்று வந்தது. கடைசி வரைக்கும் பார்த்தேன், சோறு ஆறிப்போய்விட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நல்ல நாடகம்தான். முதல் தடவை ஒளிபரப்பானபோது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்போது எனக்கு உன்மேல் கோபம். இப்போது அந்தக் கோபம் உன்மேல் இல்லை. யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதை உன் தங்கை சரோஜா படிப்பாள். படித்துவிட்டு யாருக்குக் காட்டுகிறாளோ அது அவள் இஷ்டம், நான் தடுக்கப்போவதில்லை. அவளுக்கும் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் ஃபிட்டர், நீ டைம் ஆபீஸில் கிளார்க். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில் இரண்டே நிமிஷம் தாமதமாக வந்ததற்கு என் வருகை அட்டையில் சிவப்பு மையால் கோடு போட்டாய். ஜன்னலுக்கு வெளியே நின்று உன்னைக் கண்டபடி திட்டினேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நாளைக்குச் சீக்கிரம் வாங்க” என்றாய். நானும் வந்தேன். அந்த வருஷம் முடிவதற்குள் தோ பாயோவில் இரண்டு அறை வாடகை வீட்டில் நாம் சேர்ந்து குடியிருந்தோம். வாடகைத் தாளில் உன் பெயர் மேலே, என் பெயர் அடியில்.

நீ சாயங்காலங்களில் நாடகம் எழுதுவாய். முதலில் வானொலிக்கு, பிறகு தொலைக்காட்சிக்கு. மாமியார் மருமகள், குடிகாரக் கணவன், படிப்பில் தோற்ற பிள்ளை என்று ஊரார் கதையெல்லாம் எழுதினாய். எழுபதுகள் முடியப்போகிற நேரத்தில்தான் நம் கதையை எழுதினாய்.

அதில் மோசஸ், கதிர் என்று இரண்டு பேர். இருவருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவர் அவருடைய காப்பியில் சீனியைக் குறைத்துவிட்டு, குறைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று தினமும் சண்டை. ஒரு நாள் கதிரின் அத்தை ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வயதிலாவது கல்யாணம் செய்துகொள் என்று அழுகிறாள். பெண் பார்க்கப் போகும் நாளில் கதிரின் சட்டையை மோசஸ்தான் தேய்த்துக் கொடுக்கிறார். காலரை மட்டும் மூன்று தடவை தேய்க்கிறார். கதிர் போகிறார், ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறார். “பஸ் வரல” என்கிறார். “சாப்பிடு” என்கிறார் மோசஸ். அவ்வளவுதான் நாடகம்.

அந்தச் சட்டையைத் தேய்த்தது நான். ஈப்போவில் இருக்கும் உன் அத்தை பார்த்த பெண்ணுக்காக. நீயும் பஸ் வரவில்லை என்றுதான் சொன்னாய். நம் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே ஏழு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும்.

தொலைக்காட்சி நிலையத்து கேன்டீனில் அந்தத் தயாரிப்பாளர் அம்மா உன் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“கதை நல்லாருக்கு பாலு. ஆனா இவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?”

“ஒண்ணா இருக்காங்க” என்றாய்.

“அது தெரியுது லா. என்ன உறவு? சனங்க போன் பண்ணிக் கேப்பாங்க.”

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “எனக்குப் புரியுது. எனக்குப் புரிஞ்சது மேல உள்ளவங்களுக்கும் புரிஞ்சா நாடகம் வராது. மச்சான்னு போட்டுருங்க.”

மச்சான் என்றால் நடுவில் ஒரு பெண் வேண்டும். மோசஸின் தங்கையைக் கதிர் கட்டியிருக்க வேண்டும். அவள் உயிரோடு இருந்தால் கதை கெட்டுவிடும், ஆகவே அவள் செத்திருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸிலேயே நீ அவளை உண்டாக்கிச் சாகடித்தும் விட்டாய். பெயருக்குக்கூட யோசிக்கவில்லை. உன் ஆபீஸில் டைப் அடிக்கும் சீனப் பெண்ணின் பெயரைத் தூக்கி வைத்தாய்: ஸ்டெல்லா. அவள் சாவுக்குப் பிறகு மறுகல்யாணத்துக்கு அத்தை வற்புறுத்துவதாக மாற்றி எழுதினாய். படப்பிடிப்பில் ஒப்பனைக்காரப் பெண்ணின் போட்டோவைச் சுவரில் மாட்டி, சிராங்கூன் ரோட்டிலிருந்து மல்லிகை மாலை வாங்கிவந்து போட்டார்கள்.

மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். நான்காம் நாள் கேட்டேன். “நம்மள மறைக்கிறதுக்கு ஒரு பொம்பளையக் கொல்லணுமா?”

“இல்லாதவளை எப்படிடா கொல்றது?” என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய். “யோசிச்சுப் பாரு சூசை. மச்சான்னா ஒரே வீட்டுல இருக்கலாம். திட்டிக்கலாம். கிண்டல் பண்ணலாம். ஒருத்தன் படுத்துட்டா இன்னொருத்தன் ஒக்காந்து அழலாம். அண்ணன் தம்பிக்குக்கூட இவ்வளவு கிடையாது. தமிழ்ல நமக்கு இருக்கிற நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்.”

எனக்குச் சமாதானமாகவில்லை. ஆனால் நாடகம் வந்த மறுநாள் நடந்ததை நீயே எதிர்பார்க்கவில்லை. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் என் தோளில் கை வைத்து, “சூசண்ணே, உங்க தங்கச்சி கதைதானா அது? இத்தன வருஷமா சொல்லவே இல்லையே” என்றார். நான் கிறிஸ்துவன், நீ இந்து, ஒரே வீடு, எழுதினது நீ. எல்லாம் அவர்களுக்குப் பொருந்திப்போயிற்று. இதற்கு முன்பு நம்மைப் பற்றி அவர்கள் முணுமுணுத்ததற்கெல்லாம் ஒரு விடை கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு ஒரு தங்கை பிறந்து இறந்தது அந்தத் தலையாட்டலில்தான்.

கோயிலிலும் விடவில்லை. நவம்பரில் நடக்கும் இறந்தோர் பூசைக்குப் பங்குச் சாமியார் என்னைக் கேட்காமலே அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். “ஸ்டெல்லா” என்று பீடத்திலிருந்து வாசித்தபோது நான் முழந்தாளில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண்மணி திரும்பி இரக்கத்தோடு பார்த்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அந்த டைப்பிஸ்ட் பொண்ணுக்குத் தெரிஞ்சா நம்மள அடிப்பா” என்றாய். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் என்னை ‘மச்சான்’ என்றே கூப்பிட்டாய். எனக்கும் பழகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆறு வருஷம் நாம் நிம்மதியாக இருந்தோம் என்பதை மறுக்க மாட்டேன்.

பிறகு நீ காப்பிக் கடையில் கண்ணாடிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் தாதி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்பதுதான். சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். மச்சான் என்றேன். உடனே கதவைத் திறந்துவிட்டார். இரண்டு பகல் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜா மார்சிலிங்கிலிருந்து வருவதும் போவதுமாக இருந்தாள். ஒரு தடவைகூட என்னை நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. உனக்கு நினைவு வரவில்லை. நான் அங்கே இருந்தது உனக்குத் தெரிந்ததா?

புளோக்குக்குக் கீழே உன்னைக் கிடத்தியிருந்தபோது சடங்கு செய்துவைத்த பெரியவர், “மாமன் மச்சான் யாரு? கோடி போடணும்” என்று குரல் கொடுத்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் என்னைக் கைகாட்டினார்கள். சரோஜா புதுத்துணியை என் கையில் கொடுத்தாள். அதை உன்மேல் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டேன். மின்விசிறிச் சண்டை முடிந்து நீ தூங்கிய பிறகு தினமும் செய்கிற வேலைதான். ஸ்டெல்லா இல்லாவிட்டால் அந்தத் துணியை வேறு யாரோ போட்டிருப்பார்கள். அதற்கு அவளுக்கு நன்றி சொல்கிறேன். நீ சொன்னது சரி, மச்சான் என்ற சொல் எல்லாக் கதவையும் திறந்தது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

அடுத்த நாள் சரோஜா நம் சாப்பாட்டு மேசையில் பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். உன் பெயர், வயது, தன் பெயர், தன் கணவர் பெயர் எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

“அண்ணே, உங்களை எப்படிப் போடட்டும்?”

நான் மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருக்க, அவளே தொடர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்ணே. ரொம்ப வருஷமாத் தெரியும். அண்ணன் என்கிட்ட சொன்னதில்ல, நான் கேட்டதும் இல்ல. நீங்க என்ன சொல்றீங்களோ அதப் போடுறேன். யாரு கேட்டாலும் நான் பேசிக்கிறேன்.”

அவள் அப்படிச் சொன்னாள் பாலு. அதைவிட ஒருத்தியால் என்ன செய்ய முடியும்? எனக்கு அந்த நேரத்தில் பட்டறை ஞாபகம் வந்தது, பங்குச் சாமியார் ஞாபகம் வந்தது. “மச்சான்னே போடும்மா” என்றேன். அதோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. “அப்படின்னா ஸ்டெல்லா பேரையும் போட்டுரு. இல்லன்னா சந்தேகப்படுவாங்க” என்றும் சொன்னேன். சரோஜா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுதினாள்.

மறுநாள் அச்சில் வந்தது: ‘காலஞ்சென்ற ஸ்டெல்லாவின் கணவர்.’

நாடகத்துக்காக நீ அவளை உண்டாக்கினாய், அது கதை. நான் அவளை உனக்குக் கட்டிவைத்து, உன் பெயருக்கு மேலே அச்சடித்துவிட்டேன். பதிமூன்று வருஷம் என்னோடு சோறு தின்ற நீ கடைசியில் இன்னொருத்தியின் கணவனாகப் போய்ச்சேர்ந்தாய். யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டவளும் நம் பக்கம் நின்றவள். வாயைத் திறந்து உன்னை விட்டுக்கொடுத்தது நான்தான். இந்த ஒரு வருஷமாக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நாடகத்தில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அந்த ஒப்பனைக்காரப் பெண் பாவம், நன்றாகத்தான் சிரிக்கிறாள். மோசஸ் அவள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறார். நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை ஓர் அடி அடித்தேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைதான் வீங்கிப்போயிற்று.

மற்றபடி செய்தி என்ன? பட்டறையில் என்னை ஃபோர்மேன் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, யாரும் ஏமாற்றாமல் நானே சீனி இல்லாமல் குடிக்கிறேன். மின்விசிறியை எனக்குப் பிடித்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உன் வேகத்தில்தான் ஓடுகிறது. மேல் மாடிக்கு நாகூர்ப் பக்கத்து ஆயிஷா அக்கா குடிவந்திருக்கிறார். நாடகம் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மச்சான் கதை எதுவும் தெரியாது.

நேற்றுக் காலை மின்தூக்கி பழுதாகி இருவரும் படியில் இறங்கினோம். அவர் பேச்சுவாக்கில், “உங்க வீட்டுக்காரர் மவுத்தாயிட்டாகளாமே, இப்பத்தான் கேள்விப்பட்டேன்” என்றார். வாடகைத் தாளில் பெயர் மேலே இருந்தவர், வீட்டுக்கு உடையவர் என்ற பொருளில்தான் சொன்னார். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் படியில் நின்றுவிட்டேன்.

அவர் இரண்டு படி கீழே போய்த் திரும்பிப் பார்த்தார். “தப்பாக் கேட்டுட்டேனா தம்பி?”

“இல்லக்கா” என்றேன். “என் வீட்டுக்காரர்தான். வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது.”

“நல்ல மனுசராமே.”

“கோபமே வராதுக்கா அவருக்கு. எல்லாக் கோபமும் எனக்குத்தான்.”

அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப்போனார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு மச்சான் அழுகிற அளவுக்குத்தான் அழுதேன், பார்த்துப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை சரோஜா வருகிறாள். முதலாம் ஆண்டு நினைவு அறிவிப்பை எழுதிவிட்டாளாம். கடைசியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருப்பதாகப் போனில் சொன்னாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்குச் சத்தியம் செய்கிறேன் பாலு. அந்த அறிவிப்பில் ஸ்டெல்லா இருக்க மாட்டாள். நீ யாருடைய கணவனாகவும் இருக்க மாட்டாய். சரோஜா பெயருக்குக் கீழே என் பெயரை என் கையாலேயே எழுதுவேன், மச்சான் என்ற சொல் இல்லாமல். பத்திரிகை அலுவலகத்துக்கும் நானே கொண்டுபோவேன். அங்கே இருப்பவர் தலையை நிமிர்த்தி, நீங்கள் அவருக்கு என்ன வேணும் என்று கேட்பார். கேட்கட்டும். அவருக்கும் தமிழ் தெரியும், ஒரு சொல்லில் சொல்லிவிடுவேன். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவர் பாடு.

உன் வீட்டுக்காரன்,
சூசை