அழிக்கச் சொன்ன மனுக்கள்

என் ஆசை அண்ணே,

உன் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கே இருந்தாலும் நீ பதறுவாய்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளுக்காக நீ தட்டிய மனுக்கள் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. காகிதப் பிரதி ஒன்றும் இல்லை. குண்டசாலையில் வீடு வீடாகச் சோதனை வந்த காலையில் அண்ணி அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டார். நான் அவரை ஏசவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்?

போன மாதம் தெல்தோட்டையிலிருந்து மாரியாயி அக்கா வந்தார். திங்கட்கிழமை மகனின் வழக்கு. அவனைப் பிடித்த மறுநாளே முறைப்பாடு செய்ததற்கு வக்கீல் அத்தாட்சி கேட்டாராம். "தம்பி அடிச்ச காயிதம் இருக்குமே, அத எடுத்துக் குடு தாயி" என்றார். கம்ப்யூட்டரைப் போட்டால் உன் விண்டோஸ் 98 பாதியில் நின்று நீலத் திரையைக் காட்டுகிறது.

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டி பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். "அண்ணனின் கடிதங்கள்" என்று சிங்களத்தில் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது தேறாது தங்கச்சி. ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் எக்ஸ்பி போட்டாத்தான் ஓடும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்."

"ஒண்ணும் போகக் கூடாது" என்று கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் மெஷினில் பூட்டி, உன் கோப்புறையை சிடியில் எழுதினார். இன்னொரு சிடியும் எழுதவைத்தேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. பிறகுதான் அழிக்க விட்டேன்.

எக்ஸ்பி வந்தது. சிடியிலிருந்து மனுவைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரே கிறுக்கல்.

"வைரஸ் தின்னுட்டுது. அழிச்சிருவோமா?" என்றார். அண்ணிக்கு ஃபோன் போட்டேன். "அழிஞ்சா அழியட்டும் செல்வி, போனவரோட போகட்டும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! போனவரோடு எது போகும்? சிறைக்குள்ளே இருக்கிற பிள்ளைகளுமா?

தப்பு என்னுடையதுதான் அண்ணே. நீ தட்டியதை எல்லாம் எடுத்துவைத்தேன், எந்தத் தமிழ் எழுத்துருவில் தட்டினாயோ அதை விட்டுவிட்டேன். அது உன் கோப்புறையில் இல்லை, அழித்த விண்டோஸுக்குள் இருந்தது. ஒருமுறை என் வேலைத்தளத்துக்கு நீ ஃப்ளொப்பியில் கொண்டுவந்த கடிதமும் அங்கே இப்படித்தான் கிறுக்கலாகத் தெரிந்தது. எழுத்துரு இல்லாத மெஷினில் தமிழ் வராது என்றாய். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கேட்டு வாங்கினேன் என்றும் சொன்னாய்.

நேரே அங்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அச்சகக்காரருக்குச் சிரிப்பு. "இதுலயா மனு எழுதினாரு? இது கல்யாண எழுத்து தங்கச்சி!" ஆனாலும் ஃப்ளொப்பியில் போட்டுத் தந்தார்.

கம்ப்யூட்டர் கடைக்குத் திரும்பி அதைப் போட்டுத் திறந்ததும், நெளிவும் சுழிவுமாக உன் தமிழ் வந்து நின்றது. "எனது மகனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" மாப்பிள்ளை பெண் பெயர் எழுதுகிற அலங்காரத்தில் அந்தக் கேள்வி. நான் அந்தக் கடையிலேயே அழுதேன்.

அச்செடுத்துக் கொடுத்தபோது மாரியாயி அக்கா தாளைத் தடவிப் பார்த்தார். "இதுல எம் புள்ள பேரு எது தாயி?" காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

பிடித்த மறுநாள் தேதி போட்டிருந்த அந்தத் தாளைத் திங்கட்கிழமை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பையன் இன்னும் வெளியே வரவில்லை, வழக்கைத் தள்ளி வேறு நாளுக்குத் தவணை போட்டிருக்கிறார்கள். அந்த நாள் வரட்டும், நாங்களும் போவோம்.

எழுதிக் கொடுத்தது யார் என்று நீ எந்த மனுவிலும் போட்டதில்லை. எங்களை நினைத்துத்தான் பயந்தாய், எனக்குத் தெரியும். நேற்று இன்னொரு தாய் வந்தார். நான் தட்டிக் கொடுத்தேன். அதன் அடியில் 'எழுதிக் கொடுத்தவர்' என்று ஒரு வரி சேர்த்து என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டேன். தேடி வருகிறவர்கள் வரட்டும். இனி எழுதுகிற ஒவ்வொன்றிலும் போடுவேன் அண்ணே, இது உன்மேல் சத்தியம்.

எழுதிக் கொடுத்தவர்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி செல்வி,
குண்டசாலை.