எது தந்த தெம்பு

ஜூன் 11

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவி ரோட்டு ஏற்றத்தில் இன்று ஷெர்லின் என்னைத் தாண்டிப் போனாள். இத்தனை வருடம் என் முதுகைப் பார்த்தே ஓடியவள். அவள் வேகம் கூட்டவில்லை, என் கால்தான் வரவில்லை. கோச் இசக்கிராஜா சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஜெயா, பாலும் வேண்டாம் முட்டையும் வேண்டாம்னா சாமியாராப் போயிரு. பத்தாயிரம் மீட்டர் ஓட வராத. ஆகஸ்ட் செலக்‌ஷன்ல உன் பேர எழுத மாட்டேன்."

மூச்சு வாங்கியபடி மீதி ஏற்றத்தை ஏறினேன்.

ஜூன் 12

பாலையும் முட்டையையும் ஏன் விட்டேன் என்று யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போன வருடம் எங்கள் பசுவின் கன்று செத்தது. அப்பா அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அந்தப் பாலில் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அன்றோடு சரி. பால், தயிர், முட்டை, கறி — எதுவும் இல்லை. சாமிக்காக இல்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 16

படியேறினாலே தலை சுற்றுகிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால், "நாங்க அப்பவே சொன்னோம்லா" என்பார்கள்.

ஜூன் 20

விழுந்துவிட்டேன். பழைய குற்றாலம் போகும் வழியில், ஒரு டூரிஸ்ட் வேன் என் காலுக்குப் பக்கத்தில் வந்து பிரேக் போட்டு நின்றதாம். ஷெர்லின்தான் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள்.

தென்காசியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இரும்புச்சத்து கொறைவு. பி12 சுத்தமா இல்ல. பால் வேண்டாம்னா பரவால்ல. அதுக்குப் பதிலா என்ன சாப்பிடுத?"

சோறு, சாம்பார், வாழைப்பழம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று தள்ளத் தெரிந்தது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை.

பி12 ஊசி. எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை, டீ கூடாது. தினமும் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, கீரை. "பி12 எந்தக் கீரையிலயும் கெடையாது. ஊசிய விட்டா மறுபடி விழுவ." கொஞ்ச நாள் ஓடவும் கூடாது.

வீடு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

ஜூலை 15

மெதுவாக ஓடினேன். தலை சுற்றவில்லை. சாயங்காலம் அம்மா தரும் கொள்ளு ரசம் உடம்பில் சுறுசுறுவென்று ஏறுகிறது.

ஜூலை 22

ஏற்றத்தில் ஷெர்லினும் நானும் தோளோடு தோள்! ரத்தப் பரிசோதனையிலும் முன்னேற்றம்.

ஜூலை 26

கறிக்கடை கிதிர் முகம்மது பாய் வழியில் நிறுத்திச் சிரித்தபடி கேட்டார்: "என்ன தாயி, எலும்பு சூப்பு வேலை செய்யுதா? பிள்ளைக்குன்னு அம்மா நல்ல எலும்பாக் கேட்டு வாங்குதாவ."

கொள்ளு ரசம்! அந்தக் கொள்ளு ரசந்தான்!

அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "ஆமா, கலந்தேன். நீ ரோட்டுல கெடக்கன்னு போன் வந்தப்ப, போய்ட்டன்னுதான் நெனச்சேன். பாவம்னா எனக்கு வரட்டும். நீ இப்ப ஓடுத, இல்லியா?"

"நான் உன்ன நம்பிக் குடிச்சேன்லாம்மா."

 கொல்லைக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டேன். வெறும் தண்ணீர்தான் வந்தது. ஒரு மாசமா உள்ள போனத எங்க போய் எடுக்க?

அதைவிடப் பெரிய பயம் — இந்தத் தெம்பு எதனால் வந்தது? ஊசியா, எலும்பா?

ஜூலை 27

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஊசியும் மாத்திரையும்தாம்மா. சூப்புல அவ்வளவெல்லாம் ஏறாது." அம்மா நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

இனி எனக்கு நானே சமையல். தனிச் சட்டி.

ஆகஸ்ட் 3

அம்மா தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். என்ன பிழைப்பு இது?

ஆகஸ்ட் 9

இன்று மிகவும் பின்தங்கிவிட்டேன். "என்ன பிள்ள, மறுபடியுமா?" என்றார் சார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று சொல்லவில்லை. வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயம். தான் சொன்னதுதான் சரி என்று நினைத்துவிட்டால்? பார்த்தேன். அழுதிருந்தாள்.

ஆகஸ்ட் 20

மறுபடியும் ரத்தப் பரிசோதனை. ஜூலையைவிட நன்றாக ஏறியிருக்கிறது. எலும்பு இல்லாமல்! அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 24

செலக்‌ஷன். கடைசிச் சுற்றில் ஷெர்லின் முந்திவிட்டாள். நான் இரண்டாவது. இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அணிப் பட்டியலில் என் பேரை எழுதும்போது சார் சொன்னார்: "முட்டையப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல."

ஆகஸ்ட் 31

நாளைக்குப் போட்டிக்கு ரயில். போகிற இடத்துச் சாப்பாட்டை நம்ப முடியாதென்று அம்மா எள்ளும் நிலக்கடலையும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. நெய் சேர்க்காமல் அழுத்தி அழுத்திப் பிடித்ததில் அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. தட்டை நீட்டினாள்.

ஒன்றை எடுத்தேன். கை தானாக மூக்குக்குப் போய்விட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

"மோந்து பாருட்டி," என்றாள். "நானா இருந்தாலும் மோந்துதான் பாப்பேன்."

முகர்ந்தேன். எள் வாசனை. சாப்பிட்டேன்.