போணி ஆகாமல் சாம்பிள் இல்லை

என் அருமை அண்ணிக்கு,

வெல்லப்பாகு இறுகுவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறவர் நீங்கள். கேட்டுக்கொண்டே கடலை உருண்டை பிடிக்கிறவள் நான். இன்று என்னிடம் ஒரு கதை இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியுமே, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு, நாம் உருண்டை பிடித்த கொட்டகையை மூடிவிடலாம் என்றார் அண்ணன். "அவ இல்லாம யாரு போய் ஆர்டர் புடிக்கிறது? நீ ஒருத்தர் மூஞ்சியப் பார்த்து ரெண்டு வார்த்த பேச மாட்ட. தீவனக் கடைக்காரன் வாடகைக்குக் கேக்கறான், வுட்டுரலாம் தேனு." கோபத்தில் சொன்னதில்லை. உங்கள் கை பட்ட அடுப்பை அவரால் பார்க்க முடியவில்லை. சொன்னதிலும் பொய் இல்லை. வியாபாரம் பேசியது நீங்கள், பதமும் பாக்கெட்டும் பார்த்தது நான். நம் இருவரின் தொழிலில் பாதி உங்களோடு போய்விட்டது.

தை வரை பொறுக்கச் சொன்னேன். "புதுச்சேரியில வருசா வருசம் நடக்கற சந்திப்பு வருது. அதுல ஒரு கடையாவது மாசாமாசம் எடுத்துக்கறேன்னு சொல்லலன்னா நீ சொல்றபடியே வுட்டுரலாம்ணா." அவர் தலையாட்டினார்.

போன வருடத்துச் சந்திப்பை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கடைக்காரர்களையும் நம்மைப் போன்ற சிறுதொழில் செய்பவர்களையும் தொழில் துறை ஒரே மண்டபத்தில் கூட்டியது. கதவு திறந்ததும் முதல் ஆளாக நம் மேசைக்கு வந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரர் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். நீங்கள் தட்டை இழுத்துக்கொண்டீர்கள். "போணி ஆவல சார். ஒரு ரூபாயாவது குடுத்துட்டு எடுங்க." அவர் முகம் சுண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். "இன்னா அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று நான் பதறினேன். "காலங்காத்தால ஓசியில ஆரம்பிச்சா நாள் முழுக்க ஓசிதாண்டி" என்றீர்கள். அது உங்கள் நம்பிக்கையா, இல்லை வாங்க வந்தவனையும் வேடிக்கை பார்க்க வந்தவனையும் பிரித்துப் பார்க்கும் தந்திரமா? கேட்டிருக்க வேண்டும்.

இந்த முறை நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் உட்காரும் சிறுதொழில் உதவி மைய மேடத்திடம் போனேன். உங்கள் பெயரில் இருந்த உணவு லைசென்சுக்குப் பதில் என் பெயரில் புதிது எடுக்க வழி சொன்னார். உருண்டை எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று லேபில் சோதிக்கக் கட்டணச் சலுகை உண்டு என்றார். பாக்கெட் ஒட்டும் மெஷினுக்கு மானியக் கடன் இருக்கிறதாம், அதற்கு எந்த பேங்க்கில் யாரைப் பார்ப்பது என்றும் சொன்னார். இத்தனையும் நம் ஊரிலேயே இருந்திருக்கிறது அண்ணி. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல், கதவே இல்லை என்று நினைத்திருந்தோம்.

போன வருடம் மண்டபத்தில் மேடமும் இருந்தாராம். கிளம்பும்போது சிரித்தார். "உங்க அண்ணிய மறக்க முடியுமா? போணி ஆவலன்னு அந்த ஆளத் தொரத்தி வுட்டாங்களே! நீயாவது ஒழுங்கா சாம்பிள் குடும்மா." சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் சந்திப்பு நாள் காலை மண்டபத்தில் தட்டை வைத்ததும், சாம்பிள் தர எனக்கே கை வரவில்லை. போணியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களை மீறுகிறோமே என்றுதான் இருந்தது. பக்கத்து மேசையில் வில்லியனூர் பக்கத்து ரோசலி மெழுகுவத்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகமும் சரியில்லை.

"இன்னா ரோசலி?"

"இன்னும் போணி ஆவல தேனு. ஓசிக்குக் கேட்டு எவனாவது வந்து நிப்பானோன்னு பயமா இருக்குது."

"நீங்களும் பாப்பீங்களா இதெல்லாம்?"

"சாமிதாண்டி வேற. போணி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அப்போதுதான் தோன்றியது. முதல் வாடிக்கையாளர் கதவுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? அவளிடம் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கினேன். அவள் என்னிடம் உருண்டை வாங்கினாள். எதிரில் ஊறுகாய் வைத்திருந்த பாகூர்க்காரம்மா, "எங்களுக்கும் பண்ணி வுடுங்கடி!" என்று குரல் கொடுத்தார். நான் மேசை மேசையாகப் போனேன். நான்தான் அண்ணி! கதவு திறக்கும்போது அந்த வரிசையில் போணி ஆகாத மேசையே இல்லை. எல்லாத் தட்டும் திறந்திருந்தது.

அதே ஸ்டோர்காரர் வந்தார். தள்ளியே நின்றார். "போணி ஆயிடுச்சாம்மா? இல்ல, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?"

"ஆயிடுச்சு சார். எவ்ளோ வேணா எடுத்துக்குங்க."

ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தம்மா எங்க?" என்றார். சொன்னேன். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைக்காரராக மாறிவிட்டார். எத்தனை நாள் தாங்கும், மழைக்காலத்தில் பிசுபிசுக்குமா, என்ன வெல்லம் என்று கேள்விமேல் கேள்வி. அவை பதம் பார்க்கிற என் பக்கத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. விலையைக் குறைக்கச் சொன்னார். "அளவ வேணா சின்னதாக்கித் தரேன் சார், வெலய கொறைக்க முடியாது" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வில்லியனூர்க் கடைக்கு மாதாமாதம் அனுப்பச் சொல்லிவிட்டார். உங்களுக்காக இரங்கித் தந்தாரோ என்று வழியெல்லாம் யோசித்தேன். இல்லை, இரங்குகிறவர் அவ்வளவு பேரம் பேச மாட்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் நான் எழுந்து போய்ப் பார்த்தால் கொட்டகை திறந்து கிடக்கிறது, அடுப்படி கழுவி ஈரமாக இருக்கிறது. "பண்டசோழநல்லூர்ல புது மல்லாட்ட வந்துருக்குதாம். உருண்டைக்கு எத்தன மூட்ட வேணும்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்னொன்று. சுத்துக்கேணியில் ஒரு பெண் சத்துமாவு அரைத்து விற்க ஆசைப்படுகிறாளாம். வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம். அவளிடம் பேச மேடம் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். போய்ப் பேசுவேன் அண்ணி. பேசிவிட்டு வந்துவிட மாட்டேன். அவள் முதல்முறை ஆபீஸ் படியேறும் நாளில், பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இனி இரண்டு ஆள் வேலையும் பார்க்கப்போகும்,
உங்கள் நாத்தனார்
தேன்மொழி