கத்தரிக்கோல் தட்டிய தலைவி

அம்மாவுக்கு வணக்கம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். முழங்காலில் சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதே.

தையல் ஆலை விடுதியில் எங்கள் வயதுப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் தலைமைப் பயிற்சி நடக்கிறது. இந்த வாரத் தலைவியாகக் குலுக்கலில் என் பெயர் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்ட எட்டுப் பேரை, நாற்காலிகளுக்கு நடுவே குரல் கொடுத்தே கூட்டிவர வேண்டும். எனக்கு நா எழவில்லை.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?" என்று கத்தினாள் பக்கத்து மெஷின்காரி. உன்னைப் போலவே!

கத்தரிக்கோலை எடுத்து, முன்னால் நடந்துகொண்டே நாற்காலிகளில் தட்டினேன். ஆலை இரைச்சலில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் வா. எட்டுப் பேரும் எதிலும் இடிக்காமல் வந்து சேர்ந்தார்கள். சந்தோஷத்தில் ஓடிய நான்தான் விழுந்தேன்.

பயிற்சி தரும் அக்கா விடவில்லை. "மாசக் கடைசியில மேனேஜர்கிட்ட நம்ம விடுதித் தண்ணிக் குழாய் ரிப்பேர் பத்தி நீதான் பேசணும். அங்க தட்ட முடியாது."

அதனால் ஓர் உதவி. போனில் எப்போதும் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். இனி நீ 'ம்' கொட்டு, நான் பேசிப் பழகுகிறேன். நடுவில் நான் பேச்சை நிறுத்திவிட்டால் போனை வைத்துவிடாதே. இரண்டு முறை தட்டு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்