பத்தாவது ஆள்

என் அன்புக்குரிய சிமோன் அண்ணை,

உங்கள் ஆண்டுத் திவசம் போன கிழமை வந்து போனது. உங்களுக்கான பிரார்த்தனை மட்டும் நடக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லா சப்பலில் உங்கள் துணிக்கடைக்குப் பக்கத்தில் இன்னமும் மரக்கறி நிறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், மனம் கடையில் இல்லை.

அன்று காலை உங்கள் மகள் மிரியம் தொலைபேசியில் அழுதாள். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில் உள்ள உங்கள் யூத ஜெபக்கூடத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்களாம். பத்து ஆண்கள் இல்லாமல் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியாதாம். உங்கள் கூட்டாளிகளில் பலர் புறநகருக்குப் போய்விட்டார்கள், சிலர் இஸ்ரேலுக்கு. பிள்ளைகள் கூப்பிட்டாலும் வருவதில்லை.

செத்தவீட்டுக்கு ஆள் சேர்ப்பது யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு வேலையா? பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சமையலறையிலிருந்து மூன்று பேரைச் சமையல் தொப்பியோடு இழுத்துக்கொண்டு ஓடினேன். கூடத்துப் பெரியவர் எங்களைக் கட்டிப்பிடித்தார். பிறகு மெதுவாக, "நீங்கள் யூதர்கள் இல்லையே, உங்களை எண்ண முடியாது" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது மிரியம் முன்னால் வந்தாள். "நான் யூதப் பெண், அவருடைய மகள். என்னை எண்ணுங்கள்."

"உன் அப்பாவே சம்மதிக்க மாட்டார்" என்று பெரியவர் மறுத்துவிட்டார். எல்லோரும் கலைந்து போனோம்.

அவர் சொன்னது பொய்யில்லையே, அண்ணை! "நான் இருக்கும்வரை பெண்களை எண்ண விடமாட்டேன்" என்று கடை வாசலில் நின்று நீங்கள் கத்தியது எனக்குத் தெரியாதா? இப்போது சொல்லுங்கள், யாரை வைத்து எண்ணுவது? பெரியவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருப்பதையும் விட்டால் ஒன்றும் மிஞ்சாதென்று அந்த மனுசன் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு.

வீட்டில் சொன்னேன். "பெத்த பிள்ளை சொன்னால் கடவுளுக்குக் கேளாதோ? விசர்க்கதை!" என்று மனைவி சீறினாள். கொஞ்சம் பொறுத்து, "எங்கடை பிள்ளையள் எங்களுக்கு வருவினமோ?" என்றாள். உள்ளறையில் அவர்கள் பிரெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்களையும் எண்ணும் ஒரு கூடத்தை மிரியம் கண்டுபிடித்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை துணைக்கு வரச் சொன்னாள். சனிக்கிழமை வியாபாரம் உங்களுக்குத் தெரியும். ஓமென்று சொல்லிவிட்டேன்.

கோபிப்பீர்கள். கோபியுங்கள். உங்கள் மகள் உங்களுக்காக அந்தப் பிரார்த்தனையைச் சொல்லத்தான் போகிறாள். அவள் குரல் தடுமாறினால் பின்னால் நான் நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் சொல் கேளாத தம்பி,
ரவி