தராசில் ஏறாத தார்கள்

மாஸ்டர்,

இன்று காலை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் பூவன் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நன்றாகப் பழுத்த தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். "காய் எங்கே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்துதான்.

நம் பள்ளியில் நான் இயற்பியல் நடத்தினேன், நீங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சோதனைக் கருவி நீங்கள்தான். ஒன்பதாம் வகுப்பில் நிறையும் எடையும் வந்துவிட்டால் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வந்துவிடுவேன். விளையாட்டுச் சாமான்கள் ஏற்றும் சக்கரப் பலகையில் நீங்கள் சப்பணமிட்டு உட்காருவீர்கள். ஒரு மாணவன் மூச்சைப் பிடித்துத் தள்ளுவான். பலகை முனகும், நகராது. வகுப்பிலேயே ஒல்லியானவனை ஏற்றி அதே பலத்தோடு தள்ளச் சொன்னால் வேலி வரை ஓடும்.

"பூமி இழுக்குறது எடை. அசைய மறுக்குறது நிறை" என்பேன். "நிலாவுக்குப் போனா மாஸ்டரைத் தூக்குறது சுலபம். தள்ளுறது மட்டும் அங்கேயும் இதே கஷ்டம்தான்."

"நிலாவுல இவனுங்க என்னைத் தூக்கிடுவானுங்களா? அப்ப நான் வரலை சார். இங்கேயே இருந்துக்கறேன்" என்பீர்கள். வருஷாவருஷம் அதே பதில். வருஷாவருஷம் பிள்ளைகள் புதிதாகச் சிரிப்பார்கள்.

உந்தம் பாடத்துக்கும் உங்களைத்தான் கூப்பிட்டேன். பாரமான பொருள் மெதுவாக வந்தாலும் நிறுத்துவது கடினம் என்று காட்ட, கபடிக் களத்தில் உங்களைச் சும்மா நடந்து வரச் சொன்னேன். பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பிடித்தபடியே உங்களோடு சேர்ந்து நகர்ந்தார்கள். அன்று உங்கள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் தெரிகிறது.

ஓய்வுபெற்ற பிறகு உங்கள் வயிற்றில் அந்த நோய் வந்தது. காட்டூரில் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் சட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஒரு நாள் கேட்டீர்கள்: "எங்க கொண்டுபோனாலும் நிறை மாறாதுன்னு சொன்னீங்களே சார், என்னுது எங்க போச்சு?"

உடம்பு சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கரைந்து, பெரும்பாலும் மூச்சோடு வெளியே போய்விடுகிறது என்று விளக்கினேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னேன். வேறு குரல் எனக்கு வரவில்லை.

"அப்ப காட்டூர் காத்துல பாதி நான்தான்னு சொல்லுங்க" என்றீர்கள்.

உங்கள் வீட்டம்மா முசிறிப் பக்கம். பிறந்த ஊர் அம்மனுக்கு அவர் நேர்ந்துகொண்டிருந்தார்: நீங்கள் பிழைத்தெழுந்தால் துலாபாரம், உங்கள் எடைக்கு எடை வாழைத்தார். குணமான பிறகு செலுத்துவதுதான் வழக்கம். ஆனால் இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, உங்கள் வீட்டம்மா முன்கூட்டியே செலுத்திவிட முடிவு செய்தார். "கையில வாங்கிட்டா ஆத்தா கொடுத்துத்தானே சார் ஆகணும்?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம்மா என்றேன். எனக்கும் அப்போது அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கோயிலில் தார்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. மைதானத்தில் நின்ற பழைய மனிதருக்குக் கணக்குப் போட்டு உங்கள் வீட்டம்மா தார் சொல்லியிருந்தார். உங்களை நானும் உங்கள் மருமகனும் தூக்கித் தட்டில் உட்காரவைத்தோம். எதிர்த்தட்டில் பூசாரி தார்களை அடுக்கத் தொடங்கினார். குவியல் குறைந்ததே தெரியவில்லை. அதற்குள் நீங்கள் மேலே எழும்பிவிட்டீர்கள்.

"போதும்மா, நிறைஞ்சுடுச்சு" என்றார் பூசாரி.

"இவரு எடை இதில்லைங்க. எல்லாத்தையும் வைங்க."

"தட்டு தரையைத் தொட்டுடுச்சும்மா. இதுக்கு மேல நான் என்ன வைக்கிறது?"

"வைங்கன்னு சொல்றேன்ல!"

உங்கள் வீட்டம்மாவே ஒரு தாரைத் தூக்கி வைத்தார். பிறகு இன்னொன்று. தராசுக்கு இரக்கம் கிடையாது மாஸ்டர். இரண்டு தட்டையும் பூமி ஒன்றுபோல இழுக்கிறது. எது அதிகம், எது குறைவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே தொங்கியபடி, கீழே கிடந்த குவியலைக் காட்டி நீங்கள் சொன்னீர்கள்: "விடும்மா. மீதி நான் அந்தா கிடக்கேன் பாரு."

உங்கள் வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். அன்று சிரிக்கவில்லை.

தராசில் ஏறாத தார்கள் காட்டூருக்கே திரும்பி வந்தன. பின்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அவை பழுத்துத் தீரும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடம் முழுக்க அந்த வாசனைதான். ஒரு பழத்தையும் யாரும் தொடவில்லை.

அமரர் ஊர்தி தெருமுனையில் நின்றது. அங்கு வரை உங்களைச் சுமக்க முன்பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். காலை அகட்டி, தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன். என் கைகளுக்கு நீங்கள் இன்னும் பழைய ஆள்தான் போலிருக்கிறது. தேவைக்கு மேல் விசை கொடுத்துவிட்டேன். பாடை சட்டென்று என் பக்கம் எகிறியது. பின்னாலிருந்து உங்கள் மருமகன், "சார், மெதுவா... மெதுவா" என்றார்.

தோள் மாற்றிக்கொள்ளட்டுமா என்று ஒருவர் கூடவே நடந்து வந்தார். தேவைப்படவில்லை.

அன்று குளிக்கும்போது தோளைத் தடவிப் பார்த்தேன். சிவந்துகூட இருக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை. இப்போதும் சட்டை மாட்டும்போது கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. அழுத்திப் பார்க்கிறேன், மாஸ்டர். ஒன்றும் இல்லை.