உப்பு இருந்ததா

அன்புள்ள அப்பாவுக்கு, அராசெலி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது அம்மா என் தோளை ஒட்டியே நிற்கிறாள். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். நீங்களே மெதுவாகப் படியுங்கள், யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

இங்கே எல்லோரும் சுகம். சமையல்கட்டுக் கூரைத் தகடு மாற்றியாகிவிட்டது. செண்டுமல்லி இந்த வருடம் நல்ல விளைச்சல். எலியாசர் அண்ணன் பூ ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பாத அதே இசூகார் சாலையில்தான் இப்போதும் வண்டிகள் போகின்றன. வாசலில் நின்று பார்க்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பீடம் போட்டோம். தாத்தா படமும் சின்ன மாமா படமும் வைத்து, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் தட்டில் படைத்தோம். அண்ணன் படத்தை அம்மா இந்த வருடமும் எடுக்கவில்லை. எடுத்து வைத்தால் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். பக்கத்து வீட்டு ஒத்திலியா அத்தை வந்து பார்த்துவிட்டு, "படம் வேண்டாம்டி, ஒரு தட்டாவது வையேன். ஒருவேளை அவன் வந்தா, அடுத்தவங்க தட்டைப் பாத்துக்கிட்டா நிப்பான்?" என்றாள். "வாயக் கழுவு. எம்புள்ள உசுரோட இருக்கான்" என்று அம்மா விரட்டிவிட்டாள்.

ஆனால் மத்தியானம் சந்தையிலிருந்து, உள்ளே திணித்துச் செய்கிற பெரிய பொப்லானோ மிளகாயோடு வந்தாள். "தட்டு மட்டும் வைப்போம். செத்தவங்க வந்து தின்னுட்டா மறுநாள் அதுல ருசி இருக்காது. ருசி இருந்தா அவன் வரலை. வரலைன்னா உசுரோட இருக்கான்னு அர்த்தம்" என்றாள். தன் கையால் தொட மாட்டாளாம். என்னைச் செய்யச் சொன்னாள்.

மிளகாயைத் தோல் கருகச் சுட்டு, ஈரத்துணியில் சுற்றி வேர்க்க வைத்தேன். உரித்து, பக்கவாட்டில் கீறி, விதையை எடுத்துவிட்டு, அண்ணனுக்குப் பிடித்த மாதிரி வெறும் பாலாடைக்கட்டி மட்டும் திணித்தேன். முக்கிப் பொரிக்க முட்டை வெள்ளையை அடிக்கும்போது ஒத்திலியா அத்தை கதவோரம் வந்து நின்றாள். "பட்டதாரியம்மா, கை மாத்தாதே, நுரை அமுங்கிடும். இதெல்லாம் காலேஜ்ல சொல்லித்தரலையா?" என்றாள். "பரீட்சைக்கு வரலை அத்தை" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விதை எடுத்த கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன். தண்ணீராகக் கொட்டியது. அம்மா எட்டிப் பார்த்து, "மிளகாயா?" என்றாள். மிளகாய்தான் அப்பா. வேறொன்றும் இல்லை.

பீடத்துக்கு வைப்பதை நாம் முதலில் வாயில் வைக்கக்கூடாதே, அதனால் மேலே ஊற்றும் தக்காளிச் சாற்றை உப்புப் பார்க்காமலே இறக்கினேன்.

காலையில் அம்மா அந்தத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்தேன். உறைப்பு இல்லை, உப்பு இல்லை. ஈரப் பஞ்சை மென்றது போல இருந்தது. "என்னடி, உப்பு இருந்துச்சா?" என்றாள், திரும்பாமலே. "இருக்கும்மா. நல்லா உறைக்குது" என்றேன். மீதியையும் தின்னச் சொன்னாள். தின்றேன்.

அன்றைக்கே அண்ணன் சட்டைகளை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "பாத்தியா ஒத்திலியா, உப்பும் உறைப்பும் அப்படியே இருக்காம். படிச்ச பொண்ணு பொய் சொல்லுமா?" என்றாள்.

அண்ணன் வந்தானா, நான் உப்புப் போட மறந்தேனா, எனக்குத் தெரியவில்லை. பல மாதங்களாக எனக்கு எதிலுமே ருசி தெரிவதில்லை அப்பா. காபியும் வெந்நீரும் ஒன்றுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தட்டை ருசி பார்க்க என்னைவிட உதவாத ஆள் இந்தத் தெருவிலேயே இருந்திருக்க முடியாது.

காணாமல் போனவர்களைத் தேடும் அம்மாமார்களோடு ஒருநாள் போய், கண்டெடுத்த எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். தங்கையின் ரத்தம் மட்டும் போதாதாம். தாயோ தகப்பனோ கொடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அம்மாவிடம் கேட்டேன். "ஒரு சொட்டு தர மாட்டேன். குடுத்தா அவனை நானே குழியில எறக்கின மாதிரி" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த சட்டைகளை மடிக்கப் போய்விட்டாள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். கன்னி மரியாள் உங்களைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அப்பா, உங்கள் ஊரில் இருக்கும் நம் நாட்டுத் தூதரகத்தில் கொடுக்கலாமாம். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். உங்களைப் போலப் பேப்பர் இல்லாமல் அங்கே தங்கி வேலை செய்பவர்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று விசாரித்துவிட்டேன். தயவுசெய்து போய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போனில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். மிளகாயில் உப்பு இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். அம்மா பக்கத்தில்தான் நிற்பாள். இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்,
அராசெலி